சுப்பையன் மேஸ்திரியின் கடைசித் தரை

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அண்ணன் திருமூர்த்தி அவர்களே, அவருக்குப் பக்கத்தில் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கும் செயலாளர் தம்பி பிரான்சிஸ் அவர்களே, இன்றைய வேலையை விட்டுவிட்டுச் சூலூரிலிருந்தும் சுத்துப்பட்டிலிருந்தும் வந்திருக்கும் டைல்ஸ் மேஸ்திரிமார்களே, முழங்கால் தேய்ந்த மாவீரர்களே, முன்வரிசையில் இருக்கும் என் தங்கச்சி மாரியாத்தா, அவள் மருமகள் பொற்கொடி அம்மணி, எல்லாருக்கும் வணக்கமுங்க.

இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். இந்தக் கதையை உங்களில் ஒருத்தர்கூட நம்பப் போவதில்லை. இது சத்தியம். இந்தச் சத்தியத்தையும் நம்ப மாட்டீர்கள், ஏனென்றால் சொல்கிறவன் நான்.

நான் யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இறந்துபோன தரைவேந்தர் சுப்பையனுக்குத் தாய்மாமன். கடையிலிருந்து டைல்ஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு நீங்கள் வேலை செய்யும் வீடுகளில் இறக்கிப் போகும் சின்ன வண்டிக்காரன். அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரை என்னிடம் பவானிக்கு வழி கேட்டது என்று சொன்னவனும் நான்தான். வெள்ளகோவில் ரோட்டில் அடித்த வெயிலுக்கு வண்டியிலிருந்த டைல்ஸ் எல்லாம் இளகிப்போய், பாய் மாதிரி சுருட்டித் தோளில் வைத்து இறக்கினேன் என்று சொன்னவனும் நான்தான். இப்பேர்ப்பட்டவனுக்கு இரங்கல் கூட்டத்தில் மைக் கொடுக்கலாமா என்று தலைவர் நேற்று யோசித்தாராம். யோசித்தது நியாயம். ஆனால் தாய்மாமன் உரிமை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அந்த மேசையைப் பாருங்கள். படத்துக்கு மாலை போட்டிருக்கிறோம். படத்துக்கு முன்னால் சுப்பையனின் பசை இழுக்கும் கரணை, ரசமட்டம், ரப்பர் சுத்தி. சங்கத்து வழக்கம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒரு மேஸ்திரி வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணை மூடினால், அந்தப் பாதி வேலையை யார் முடிக்கப் போகிறாரோ அவர் கைக்கு இறந்தவர் கரணை போகும். கரணை வாங்கினவரைத்தான் நாலு வீட்டுக்காரர்களும் அடுத்த வேலைக்குக் கூப்பிடுவார்கள். கிருபாசங்கர் சார் வீட்டில் ஹால் பாதியில் கிடக்கிறது. புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. அவரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடியும்போது தலைவர் ஒரு பெயர் சொல்வார். அது பிரான்சிசின் பெயர் என்று வாசலில் செருப்பு விட்டவர்களுக்கெல்லாம் தெரியும். பிரான்சிஸ் நல்ல வேலைக்காரன். சுப்பையனோடு பல வருசம் ஒன்றாகக் குந்தியவன். அவனைக் குறை சொல்ல என்னிடம் ஒரு பொய்கூட இல்லை.

ஆனால் தலைவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் திறந்தாக வேண்டும்.

எப்பேர்ப்பட்ட தொழிலாளி அவன்! காலையில் டீவிஎஸ் வண்டியில் பக்கெட்டும் கட்டிங் மிஷினும் கட்டிக்கொண்டு கிளம்பினால், டீக்கடையில் முதலில் டீயைப் பார்க்க மாட்டான், தரையைப் பார்ப்பான். கோயிலுக்குப் போனாலும் தரையைப் பார்த்த பிறகுதான் சாமி. பொற்கொடிக்குத் தாலி கட்டும்போதுகூடத் தலையைத் தூக்கவில்லை. பையனுக்கு வெட்கம் போலிருக்கிறது என்று பெண் வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். வெட்கமாவது! மண்டபத்துத் தரையில் ஒரு டைல்ஸ் மட்டம் தப்பியிருந்ததாம்.

ரசமட்டத்தில் இருக்கும் குமிழி அவனைக் கண்டால் தானாக நடுவுக்கு வந்து நின்றுகொள்ளும். அவன் போட்ட தரையில் பாலைக் கொட்டினால், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்று தயிராகிவிடும். பாத்ரூமுக்கு அவன் கொடுக்கும் வாட்டம் இருக்கிறதே, அது தண்ணீரை மட்டுமா தள்ளும்? உள்ளே போன விருந்தாளியே வழுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, சொல்லிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்.

காலையில் நூல் கட்டிக் குந்தினால் பொழுதுக்கும் குந்தல்தான். எழுந்திருக்கும்போது முழங்கால் இரண்டும் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி சத்தம் போடும். போட்டு முடித்த தரையில் கை முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவான். எங்கேயாவது அடியில் பசை பிடிக்காத பொக்குச் சத்தம் வந்தால், வீட்டுக்காரர் வேண்டாம் என்றாலும் பேர்த்தெடுத்து மறுபடி போடுவான். சுவருக்கு ஒட்டும்போது, டைல்ஸ் சுவரைப் பிடிக்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான். அப்படி அடக்கிப் பழகினவனுக்குக் கடைசியில் மூச்சே கிடைக்காமல் போயிற்று. இது என் சரக்கு இல்லைங்க.

எதனால் போயிற்று? சொல்லுங்கள், எதனால்?

புது வீடாக இருந்தவரைக்கும் தண்ணீர் ஊற்றித்தான் வெட்டினோம். தூசு தண்ணீரோடு போய்விடும். அப்புறம் ஆள் குடியிருக்கும் வீடுகளில் பழசைப் பேர்த்துப் புதுசு போடும் காலம் வந்தது. கோயமுத்தூர் முழுக்க அதுதானே இப்போது வேலை! தண்ணீர் ஊற்றினால் கீழ்வீட்டுக்கு ஒழுகும், சேறு சோபாவில் தெறிக்கும், தூசு ஹாலுக்கு வரக்கூடாது, அதனால் பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காய்ந்த கல்லாகவே வெட்டிவிடுங்கள் என்றார்கள். அதற்கு நம்மாள் என்ன சொன்னான்? "செரிங்க."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் முடியாது என்றிருப்பான், சண்டை பிடித்திருப்பான், மிஷினைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். நாம் யார்? கழுத்தை அறுக்க வருகிறவனிடமும், குனிஞ்சுக்கட்டுங்களா, நிமிந்துக்கட்டுங்களா என்று கேட்கிற ஜாதி. மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வரும்போது புருவம்கூட வெள்ளை. ஒரு தரம் அப்படியே ரோட்டோரம் நின்று இளைப்பாறினான். யாரோ கட்சிக்காரர்கள் வந்து, தலைவர் சிலை என்று மாலை போட்டுக் கோஷம் எழுப்பிவிட்டுப் போனார்கள். நாம் எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை.

முதலில் சளி என்றார்கள். அப்புறம் காசநோய் என்று மாத்திரை தின்றான். நெஞ்சைப் படம் எடுத்தபோது நான்தான் கூடப் போனேன். படத்தைப் பார்த்த டாக்டர், உள்ளே யாரப்பா டைல்ஸ் ஒட்டினது என்று கேட்டதாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. எத்தனை வருசமாகக் கல் வெட்டுகிறாய் என்று கேட்டார். சுப்பையன் சொன்னான். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் ரொம்ப மரியாதையாக, உள்ளே படிந்தது படிந்ததுதான், இனிமேல் கழுவ முடியாது என்றார்.

அதற்குப் பிறகு படுத்தால் மூச்சு நிற்கும். சுவரில் சாய்ந்தே தூங்கினான். மாடிப்படி ஏறப் பொற்கொடி தோளைப் பிடித்துக்கொள்வான். சட்டையைப் போட்டு முடித்தால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். சட்டை போடவே சீவன் இல்லாதவன் எப்படித் தரை போட்டான்? பீளமேட்டில் போட்டான், சிங்காநல்லூரில் போட்டான், ஒண்டிப்புதூரில் மூன்று மாடி போட்டான். நீங்கள் போய்ப் பார்த்தீர்கள், தட்டிப் பார்த்தீர்கள். நோவு வந்த பிறகு சுப்பையன் கை இன்னும் சுத்தமாயிருச்சு என்று இதே சங்கத்தில் பேசினீர்கள். ஒரு மனுசனுக்கு மூச்சு குறையக் குறைய வேலை மட்டும் எப்படியப்பா ஏறும்? யாராவது கேட்டீர்களா?

நான் கேட்கவில்லை. கண்ணால் பார்த்தேன். நீங்கள் நம்பப் போகாத கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பீளமேட்டு வீட்டுக்குப் பெட்டி இறக்கப் போயிருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. தோளில் பெட்டியோடு காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் சுப்பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். தரையில், இத்தனை வருசம் அவனுக்குச் சித்தாளாகப் பக்கெட் தூக்கின பொற்கொடி. நூலுக்கு நேராகக் குந்தியிருக்கிறாள். பசையை இழுத்துவிட்டு டைல்ஸை இறக்கி, ரப்பர் சுத்தியால் நாலு தட்டு தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடுத்ததற்குப் போகிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தட்டும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறான். சத்தம் எங்கேயாவது மாறினால் விரலைத் தூக்குகிறான். அவள் எடுத்துவிட்டு மறுபடி போடுகிறாள்.

நான் பெட்டியும் கையுமாக நின்றுவிட்டேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மாமா, பெட்டிய ஈரத்து மேல வெச்சுப்போடாதீங்க. அக்கட்டால வையுங்க."

சுப்பையன் என்னைப் பார்த்தான். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்:

"வேற ஆரு பாத்திருந்தாலும் பயந்திருப்பேனுங்க மாமா. நீங்க பாத்தது நல்லதாப் போச்சு. நீங்க போயி எங்க சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சாட்சிப் பத்திரம் அதுதான்.

ஏன்டா மறைக்கிறாய் என்று கேட்டேன். இவள் போடுகிறாள் என்று தெரிந்தால் வீட்டுக்காரர்கள் மேஸ்திரி எங்கே என்று கேட்பார்கள், மேஸ்திரி இல்லை என்றால் வேலை இல்லை, அப்புறம் இவள் இன்னொருத்தனுக்குப் பக்கெட் தூக்கத்தான் போக வேண்டும் என்றான். அவன் சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது? இத்தனை வருசத்தில் நம் சங்கத்தில் ஒரு பொம்பளையை மேஸ்திரி என்று கூப்பிட்டிருக்கிறோமா? கலவை கலக்கலாம், கல் சுமக்கலாம், தரையைக் கூட்டலாம். தரை போடக் கூடாது.

அதனால் இரண்டு பேரும் ஒரு நாடகம் வைத்திருந்தார்கள். மாடிப்படியில் வீட்டுக்காரர் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் கரணையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கெட்டைத் தூக்கிக்கொள்வாள். அவன் பக்கெட்டிலிருந்து தரைக்கு இறங்கிக் குந்திக்கொள்வான். கதவு திறக்கும்போது மேஸ்திரி தரையில், சித்தாள் ஓரத்தில். அருமையாப் போட்டிருக்கீங்க மேஸ்திரி என்று அவனிடம் சொல்வார்கள். கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா என்று அவளிடம் சொல்வார்கள். அந்த ஒரு முழம் உயரம் இறங்குவதற்கு அவன் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து இறங்குகிறவன் மாதிரி சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்குவான்.

கிருபாசங்கர் சார் வீட்டில் அவன் கடைசி நாளன்றும் அப்படித்தான் நடந்தது. சார் கார் வந்து நின்ற சத்தம். பொற்கொடி கரணையைக் கொடுத்துவிட்டுப் பக்கெட்டைத் தூக்கினாள். சுப்பையன் அவசரமாக இறங்கினான். இறங்கின வேகத்தில் மூச்சு அடைத்துக்கொண்டது. சார் உள்ளே வந்து, ஹால் கண்ணாடி மாதிரி இருக்குதுங்க என்று புகழ்ந்துகொண்டிருக்கிறார். அவன் கேட்டுக்கொண்டு குந்தியிருக்கிறான், பதில் வரவில்லை. அவள் பக்கெட்டும் கையுமாக நிற்கிறாள். பக்கெட்டைக் கீழே போட்டு ஓடினால் நாடகம் கெட்டுப்போகுமே என்று நிற்கிறாள். அவன் பக்கவாட்டில் சாய்ந்து, கன்னம் தரையில் பட்ட பிறகுதான் போட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

சார் மேல் குற்றம் சொல்லவில்லைங்க. அவர் பாராட்டத்தான் வந்தார்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், தரையைப் பாருங்கள். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் சங்கக் கட்டடத்துத் தரை. போன தை மாசம், என் பங்காக இருக்கட்டும் என்று சுப்பையன் போட்டுக் கொடுத்தது. திறப்பு விழா அன்றைக்கு நீங்கள் எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு தட்டிப் பார்த்தீர்கள், ஒரு பொக்கு கண்டுபிடிக்க முடியவில்லை. சுப்பையனுக்குச் சால்வை போர்த்தினீர்கள். இந்தத் தரையில் சுப்பையன் வைத்த டைல்ஸ் ஒன்றுகூடக் கிடையாது. முழுக்கப் பொற்கொடி போட்டது.

சிரிக்கிறீர்கள். எனக்குத் தெரியும். தலைவர் என்ன கேட்கிறார்? இதையும் அந்தக் குதிரைதான் சொல்லுச்சுங்களா என்று கேட்கிறார். நல்லாச் சிரியுங்க. நடுநடுவே இருமல் சத்தமும் கேட்கிறது. அந்த மூலையில் இருமுகிறவர்கள் நாளைக்கே போய் நெஞ்சைப் படம் எடுங்கள், அதை மட்டும் தயவுசெய்து நம்புங்கள்.

மற்றதற்கு என்னை நம்ப வேண்டாம். பிரான்சிசைக் கேளுங்கள்.

தம்பி பிரான்சிஸ், கை கழுவுகிற இடத்தில் பைப் ஒழுகியபோது இந்தத் தரையில் ஒரு டைல்ஸை நீதானே பேர்த்தெடுத்தாய்? பல்லு வைத்த கரணையால் பசை இழுத்தால் அடியில் கோடு விழும். கை எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் கோடு வளையும். இது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். டைல்ஸுக்கு அடியில் நீ என்ன பார்த்தாய்? நீ சொன்னால் அந்தக் கரணை உன் கைக்கு வராது. சொல்லாவிட்டால் இன்றைக்கே வரும். நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

எழுந்திருக்கிறான். கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்.

"கோடு எடப்பக்கமா வளஞ்சிருந்துச்சுங்க. எடக்கைக்காரங்க இழுத்த கோடு. சுப்பையண்ணனுக்குச் சோத்துக்கை."

கேட்டீர்களா? மைக் இல்லாமலே கேட்டிருக்கும். இன்னும் சொல்கிறான். அன்றைக்கே அண்ணனிடம் கேட்டிருப்பானாம், ஆனால் பதிலைக் கேட்க மனசு வரவில்லையாம், அப்படியே மூடிவிட்டானாம்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் முன்வரிசையைப் பார்க்கிறீர்கள். என் தங்கச்சி மாரியாத்தா ஏதோ சொல்கிறாள். சொல்லு ஆத்தா, சத்தமாகச் சொல்லு.

"எடக்கையில பரிமாறாதடீன்னு வந்த நாள்ல இருந்து இவளைத் திட்டிட்டே இருந்தேன். எங்க குடும்பத்துக்கே சோறு போட்டது அந்தக் கைதான்."

என் பேச்சு முடிந்துவிட்டது. உறுதிமொழி பாக்கி. இரங்கல் கூட்டம் என்றால் இறந்தவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்ல வேண்டுமாம். சுப்பையன் பணியில் ஒரு பாதியைத் தொடரவே கூடாது. காய்ந்த கல்லை மூடின கதவுக்குள் வெட்டச் சொன்னால் மிஷினை வாசப்படியில் வைத்துவிட்டு, போயிட்டு வாரேனுங்க என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்துவிட வேண்டும். இன்னொரு பாதியை யார் தொடர்வது என்று தலைவர்தான் சொல்ல வேண்டும்.

தலைவர் தலையைச் சொறிகிறார். பொம்பளைக்குச் சங்கத்தில் மெம்பர் கார்டு கொடுத்த வழக்கம் இல்லீங்களே என்கிறார். இல்லைதான். அவர் பொய் சொல்லவில்லை.

பிரான்சிஸ் என்ன பண்ணுகிறான்? மேசைக்குப் போகிறான். கரணையை எடுக்கிறான். எடுத்தவன் மேடையை விட்டு இறங்குகிறான். பொற்கொடி எதிரில் போய் நிற்கிறான். இரண்டு கையாலும் நீட்டுகிறான்.

வாங்கிக்கொண்டாள். எந்தக் கையால் என்று பின்னாலிருப்பவர்கள் எழுந்து பார்க்க வேண்டாம், உட்காருங்கள். தலைவர் சட்டைப் பையைத் தடவுகிறார். கார்டு எழுதுவதற்குப் பேனா தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

பொற்கொடி கிருபாசங்கர் சாரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். இத்தனை வருசத்தில் வேலை கொடுத்த எந்த வீட்டுக்காரரிடமும் அவள் நேராகப் பேசி நான் கேட்டதில்லை.

"நாளைக்கிக் காத்தால வாரேனுங்க. தண்ணி ஊத்தித்தான் வெட்டுவேன். சேறு ஆகும். அப்புறமாக் கழுவிக்கலாம்."

சார் எழுந்து நின்று தலையாட்டுகிறார்.

போதுமுங்க. மைக்கைக் கொடுத்துவிடுகிறேன். வழக்கம்போல இறங்கும்போது ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் எந்தக் குதிரையும் பேசியதில்லை. பால் தயிராகவில்லை, எந்தக் கட்சிக்காரனும் மாலை போடவில்லை. இத்தனை பேச்சில் நிசம் கொஞ்சம்தான்: அவள் போட்டாள், அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.